குண்டு மிஷின்ல எரியிற பேரு

சாயா ஆறுது முருகதாஸே, குடிச்சிட்டு பிரஷ்ஷ எடு. எழுத்து எங்க ஓடிப் போவப் போவுது. கண்ணாடிய மட்டும் பைய பிடி. எனக்க வீட்டுக்காரரு போனதுக்குப் பொறவு அதுல ஒரு கீறலு விழுந்தாலும் ஊரு என்னையதான் சொல்லும்.

ஆமா, ஞாயிறாச்சதான். ஆராதனை முடிஞ்ச ஒடனே இந்த மிஷின சபை ஹாலுல வைக்கியாவ. போதகரு நேத்து வந்து, அம்மா நீங்கதான் துணிய விலக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. செல்வதாஸ் அண்ணன் மனைவிக்க பேர எழுதி வச்ச மிஷினு, மனைவி கையாலதான் தொறக்கணுமாம். அன்னைக்குப் பிரசங்கமும் புருசன் பெஞ்சாதி அன்பப் பத்தித்தானாம்.

எல்லாம் எனக்க மருமவ பிரீனா செஞ்ச வேல. எங்க மாமா மாமிக்க பேர லைட்டுல எழுதியிருக்காரு, பாருங்கன்னு போன்ல வீடியோ போட்டா. கத்தாருல இருந்தும் குவைத்துல இருந்தும் ஆளுவ எழுதியாவ, கொடுத்து வச்ச பொம்பளன்னு. கொடுத்து வச்சவதான்.

நீ இத முன்ன பாத்ததில்லையா? எப்படிப் பாப்ப, ரப்பர் ஷீட்டு உணத்துற பழைய புகைப்புரைக்குள்ளல்லா கெடந்தது. பகரைன்ல கப்பல்காரனுவ வாற ஒரு கிளப்புல அவருக்குக் கரண்டு வேல. அங்க பின்பால்னு ஒண்ணப் பாத்துட்டு வந்தாரு. இங்க வந்து ஒத்தைக்கு இருந்து செஞ்சாரு. பலவ நம்ம ரப்பர் மரம். குண்டு லாரி பேரிங்குல உள்ளது. மணியெல்லாம் சைக்கிள் மணி. அந்தா கீழ ரெண்டு கை மாதிரி நிக்குதுல்லா, பட்டன அமுக்கினா அது குண்டத் தட்டி மேல விடும். தவறிச்சின்னா அந்த ஓட்டையில போயிரும். அதுக்குத் தேங்காய்ப்பட்டணம்னு பேரு. மொத்தமும் நம்ம கோதையாறுதான் மக்கா. மலையில இருந்து பாறையில முட்டி, பாலத்துல முட்டி, கடைசியில கடல்ல விழும். விழுந்த குண்டு உள்ள உருண்டு போற சத்தம் இருக்கே, தண்ணி போற சத்தம் போலயே கேக்கும். அதுக்குன்னு உள்ள ஒரு தகரத்த வளச்சு வச்சிருக்காரு. அப்படி ஒரு மனுசன்.

இந்தா இது திற்பரப்பு அருவி. இதுல குண்டு ஏறிச்சுன்னா மணி எல்லாம் சேந்து அடிக்கும், கண்ணாடிக்குப் பின்னால பல்பு எரியும். அப்பம்தான் பேரு தெளியும். இல்லன்னா இப்படி மங்கிக் கெடக்கும்.

நானா? ஆடியிருக்கேன். அவரு சந்தைக்குப் போற நேரம் பாத்து, எனக்க வீட்டுப் புகைப்புரைக்குள்ள நானே கள்ளி மாதிரி போயி ஆடியிருக்கேன். ஸ்பிரிங்க முழுசா இழுத்து விடுவேன். ஒருக்கா கூட அருவி ஏறல்ல. கேட்டதுக்கு, அதுக்குக் கை பழகி வழங்கணும் பாயே, ஒனக்கு வராதுன்னுட்டாரு.

பாய்னுதான் விளிப்பாரு. எனக்க முழுப்பேரு ஞானபாய்லா. அம்மை, கூடப்பொறந்ததுவ, மாதர் சங்கம், எல்லாத்துக்கும் நான் பாய்தான். கலியாணம் முடிஞ்ச புதுசுல, விரிச்சாலும் பாயி, சுருட்டினாலும் பாயின்னு சொல்லிச் சிரிப்பாரு. நானும் கூடச் சிரிச்சேன். ஞானம்னு எங்க வீட்டு நாய் கூட என்னைய விளிச்சதில்ல.

அதான, அப்பம் இங்க ஏன் ஞானம்னு எழுதினாருன்னு நானும் கேட்டேன். முழுசா எழுத எடம் இல்லட்டின்னாரு. பாரு, எவ்வளவு கண்ணாடி சும்மா கெடக்குன்னு. ஆனா நான் நம்பினேன். வாயால விளிக்கக் கூச்சப்பட்டு மனுசன் லைட்டால விளிக்காருன்னு நெனச்சேன். அப்படி நெனச்சே எத்தனையோ கோவத்த விழுங்கியிருக்கேன்.

அவருக்க நினைவு ஜெபத்தன்னைக்கு இத முற்றத்துல எடுத்துப் போட்டிருந்தாவ. வந்தவிய எல்லாம் மாறி மாறி ஆடினாவ, ஒருத்தருக்கும் பல்பு எரியல்ல. அப்பம் ஒரு பொம்பள வந்தா. எனக்க வயசு காணும். நெத்தியில வெள்ள நாமம், அய்யாவழிக்காரிய இடுவாவல்லா, அது. திற்பரப்புல இருந்து வாறேன், அண்ணன் எங்க வீட்டுல கரண்டு வேல பாத்திருக்காருன்னா. நேர மிஷின்கிட்ட போயி நின்னா. ஸ்பிரிங்கப் பாதிதான் இழுத்தா. இடுப்பால பெட்டிய லேசா ஒரு சாய்ப்பு. அவரும் அப்படித்தான் சாய்ப்பாரு. குண்டு நேர போயி அருவி ஏறிச்சு. மணி எல்லாம் அடிச்சு, பேரு எரிஞ்சு, ஆளுவ கை தட்டினாவ. அவ அசையல்ல. தன் வீட்டு சுவிட்சப் போட்டவ மாதிரி நின்னா.

அதுக்கு முன்ன இந்தப் பெட்டி புகைப்புரைய விட்டு ஒரு நாளும் வெளிய போனதில்ல மக்கா. நான்தான் போயிருக்கேன். வருசா வருசம் சபைக் கன்வென்சன் கூட்டத்துக்குப் போயி ராத்தங்கிட்டு வருவேன். எனக்க துணிப்பையக் கட்டி, டார்ச்சு பேட்டரி கூடப் போட்டு, பஸ்ஸு ஏத்தி விடுவாரு. எனக்கும் சேத்து ஜெபம் பண்ணு பாயேன்னுவாரு. பண்ணினேன்.

என்ன, ம்-க்கு மேல புள்ளி வைக்கவா? வைக்காத. பிளேடு கொண்டு வந்திருக்கியா? அந்த ம்-ஐ சுரண்டி எடு. ஞாவும் னவும் கெடக்கட்டும், பக்கத்துல பாய்னு எழுது. பிரீனா கேட்டான்னா பழைய எழுத்து அழிஞ்சு போச்சுன்னு சொல்லிரு. போதகரு கிட்ட நான் சொல்லிக்கிடுவேன்.

ஏன்னு கேக்கியா. அன்னைக்கு அந்தப் பொம்பளைய சோறு உண்ண விளிச்சிட்டு, பேரென்னன்னு பிரீனா கேட்டா. ஞானம்னு சொன்னா அவ. பிரீனாவுக்கு ஒரே சிரிப்பு. எங்க மாமிக்க பேருல்லா அது, அந்தா எரியுதே, அது எங்க மாமிதான்னா. அவ திரும்பி என்னையப் பாத்தா. பல்பு அணையிற மட்டும் பாத்தா. பொறவு, ஆமா, அக்காவுக்க பேருதான்னு சொல்லிட்டு, ஒரு வாய் வெள்ளம் கூடக் குடிக்காம எறங்கிப் போனா.

அவ போட்டுட்டுப் போன பிச்சை அந்தப் பேரு. எனக்கு வேண்டாம். சுரண்டு மக்கா.