திராஸ் மலை முதல் காளவாசல் வரை காயம் கட்டிய பேயாண்டி அவர்களுக்கு

உசிலம்பட்டிச் சீமையின் உரமேறிய உடலே, ஓலமிட்டு வரும் உயிர்களை ஓடிச் சென்று ஏந்தும் உள்ளமே, படைவீரராய்ப் பதினெட்டு ஆண்டும் எங்கள் பணித்தோழராய் இருபத்தோர் ஆண்டும் பிறர் உயிர் காக்கக் குருதியில் தம் கை நனைத்த பெருந்தகையே, எங்கள் பேயாண்டி அண்ணே, வணக்கம்!

பணி ஓய்வு விழாவில் மாலையும் வேண்டாம், மடலும் வேண்டாம் என்று ஒரு மாதமாக மறுத்து வந்தீர்கள். கடைசியில், “அழகுபாண்டி பேரு இருக்கும்னா வாசிங்க, இல்லாட்டி நான் வரல” என்றீர்கள். ஆகவே தங்கள் ஒப்புதலோடு, நடந்ததை நடந்தபடியே இந்த அவையில் சொல்கிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது, ஜூன் மாதம். கார்கில் போர் நடந்துகொண்டிருந்தது. திராஸ் மலையடிவாரத்தில் ஒரு பீரங்கிப் படைப்பிரிவுக்குத் தாங்கள் மருத்துவ உதவியாளர். பேரையூர்ப் பக்கத்து அழகுபாண்டி அதே பிரிவில் பீரங்கி வீரர். பல மொழி பேசுவோர் நடுவே ஊர்ப் பேச்சுக்கு ஏங்கிய இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றே அழைத்துக்கொண்டீர்கள். ஒரு முற்பகலில் எதிரியின் குண்டுகள் அங்கே வந்து விழுந்தன. ஒன்பது பேருக்குக் காயம். ஒன்பது பேருக்கும் கட்டுப் போட்டது தங்கள் இரு கைகள்தாம். எட்டுப் பேர் காத்திருக்கக்கூடிய காயக்காரர்கள். அழகுபாண்டிக்கோ வயிற்றில் குண்டுச்சில். கீழ்ச் சாலையில் குண்டுவீச்சு ஓயாததால் ஆம்புலன்ஸ் வண்டி மேலே வர முடியவில்லை. பாறை மறைவில் மூன்று மணி நேரம் அவர் கையைப் பிடித்தபடி இருந்தீர்கள்.

அவர் தண்ணீர் கேட்டார். தங்கள் இடுப்பிலோ நிறைந்த தண்ணீர்க் குப்பி. வயிற்றில் அடிபட்டு அறுவை சிகிச்சைக்குப் போகவேண்டியவருக்கு ஒரு மடக்கும் தரக்கூடாது என்பது தாங்கள் கற்ற பாடம். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினீர்கள். அவர் கெஞ்சக் கெஞ்ச, “ஆஸ்பத்திரிக்குப் போனதும் தாரேன் மாப்ள” என்றே சொல்லி வந்தீர்கள். வண்டிச் சத்தம் கேட்டபோது அவர் உயிர் போயிருந்தது.

போர் முடிந்து, அங்கே இருந்த எல்லோருக்கும் தந்த பதக்கத்தைத் தங்களுக்கும் தந்தார்கள். விடுப்பில் வந்தபோதெல்லாம் அழகுபாண்டி வீட்டாரைப் பார்க்கப் பேரையூருக்குப் பேருந்து ஏறினீர்கள். மூன்று முறை போய், மூன்று முறையும் அந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்தே திரும்பினீர்கள். தண்ணீர் கொடுத்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பாரா என்று தெரியாது; கொடுக்காததாலும் பிழைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாடிய மனத்தோடுதான் 2004-இல் நம் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தீர்கள் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்ததெல்லாம், தங்கள் கால்கள் ஓரிடத்தில் நில்லா என்பதே. நோயாளி இல்லாத நேரத்திலும் வாசலுக்கும் உள்ளறைக்கும் நடந்துகொண்டே இருப்பீர்கள். நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் கட்டிலின் சக்கரத்தை ஒரு நாளில் நாலு தடவை சரிபார்ப்பீர்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு மறுபடி எழுந்து போவீர்கள். அண்ணனுக்குக் காலில் சக்கரம் என்று கேலி பேசினோம். அந்தக் கேலிக்காக இன்று வருந்துகிறோம்.

2017-ஆம் ஆண்டு, ஒரு பகல் வேளை. காளவாசல் சிக்னலில் லாரி மோதிய கல்லூரிப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, உடனே அறுவை சிகிச்சை. விவரம் எழுதிக்கொண்ட செவிலியர் சோலையம்மாள் தகப்பன் பெயரைக் கேட்டார். “அழகுபாண்டி. மிலிட்டரில இறந்துட்டாரு. பேரையூர்ப் பக்கம்” என்றாள் அந்தப் பெண் இசைவாணி. அடுத்த நொடி, கட்டிலைத் தள்ளிய தங்களை நிமிர்ந்து பார்த்துத் தண்ணீர் கேட்டாள்.

தாங்கள் பஞ்சை எடுத்து நனைத்ததைச் சோலையம்மாள் பார்த்தார். கட்டில் மட்டும் நிற்கவில்லை. நனைத்த பஞ்சை அவள் உதட்டில் ஒற்றியபடியே அறுவை அரங்கின் வாசல்வரை தள்ளிச் சென்றீர்கள். கதவு மூடியபின் சுவரோடு சாய்ந்து அழுதீர்கள். இசைவாணி பிழைத்தாள்.

மறுநாள் அவள் தாயார் முனீஸ்வரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, மகளுக்கும் தண்ணீர் தரவில்லையா என்று கேட்டார். தரவில்லை என்றீர்கள். ஏன் என்றார். தண்ணீர் குடித்த வயிற்றோடு மயக்க மருந்து தந்தால், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கி உயிரையே எடுத்துவிடும் என்று விளக்கினீர்கள்.

“அப்ப அவருக்கும் அதுக்குத்தான குடுக்கல,” என்றார் அவர். அதோடு, “தண்ணி குடுக்காததக் கூடப் பொறுத்துக்கிருவேன்ணே. பதினெட்டு வருசமா எங்கிட்ட வந்து சொல்லாம இருந்தீக பாருங்க, அதத்தான் பொறுக்க முடியல. கடைசில அவருகூட ஆரு இருந்தான்னு தெரியாமயே நான் கெடந்தேன்” என்றார்.

அதன்பின் பேரையூர்ப் பேருந்தில் ஏறிய தாங்கள் ஒருமுறையும் பாதியில் திரும்பவில்லை. தந்தையின் குரலே நினைவில்லாத இசைவாணிக்கு, அவர் பேசியதையும் சிரித்ததையும் சண்டை போட்டதையும் தாங்கள் சொல்லக் கேட்டுத்தான் தெரியும். ஆயினும் தங்கள் கால்கள் இன்னும் அலைகின்றன. அதைத் தீர்க்கும் மருந்து எங்கள் மருத்துவமனையில் இல்லை.

முனீஸ்வரி அம்மா சென்ற வாரம் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். இசைவாணியின் மகனுக்கு வரும் ஆவணியில் காதுகுத்து. அவளுக்கு உடன்பிறந்தான் இல்லாததால், தாய்மாமன் இடத்தில் தாங்கள் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம். அந்தத் தகுதி தங்களுக்கில்லை என்று எண்ணித் தாங்கள் இன்னும் பதில் சொல்லாமல் இருப்பதாகச் சொல்லி வருந்தினார்.

அண்ணே, ஓய்வு பெறுவோர் எவருக்கும் சொல்லும் ‘ஓய்வெடுங்கள்’ என்ற வாழ்த்தைத் தங்களுக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. உடல் நலமும் நீள் ஆயுளும் நிறைந்து, அண்ணியாரும் மக்களும் அருகிருக்க வாழுங்கள். எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இந்த மடலை வாங்கிய கையோடு பேரையூருக்குப் போன் போட்டு, வாரேன் என்று சொல்லுங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர், உதவியாளர், ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் அனைவரும்,
காளவாசல், மதுரை.