வெறுங்காலோடு பூசைக்கு

விளாங்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருவருக்கொருவர் சொந்தக்காரப் பெண்கள் ரெண்டு பேர். ஜெர்மனியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர் பொரிந்துகொண்டிருந்தார்.

“செருப்பக் கழட்டிட்டுக் கோயிலுக்குள்ள போனது ஒரு குத்தமா மதினி?”

“அங்கிட்டுக் கழட்ட மாட்டாகளா?”

“நம்மள மாதிரி கத்தோலிக்கக் கோயில்தான். சாமியார்ல இருந்து அம்புட்டுப் பேரும் பூட்ஸோட நிக்கிறாக. என்னைய ஏற இறங்கப் பாக்குறாக.”

“வெள்ளைக்காரகளுக்கு என்ன தெரியும், விடுங்க.”

“அவுகள யாரு சொன்னா? சின்னதுல செருப்போட உள்ள ஓடுனான்னு எம் மகன நான் கோயில் வாசல்லயே அடிச்சிருக்கேன். இப்ப அவன், ‘செருப்பப் போடும்மா, மானம் போகுது’ங்கிறான்!”

“போட்டீகளா?”

“எதுக்குப் போடணும்? வெறுங்காலோடதான் சாமியார்கிட்டப் போயி நற்கருணை அப்பம் வாங்குனேன். திரும்பி வந்து பாத்தா, எம் மகன் வேற பெஞ்சுல போயி உக்காந்திருக்கான்.”