புருவம் காட்டிய வருத்தம்

கொட்டாஞ்சேனைக்குப் போகும் டிராமில் என் முன் இருக்கையிலிருந்த இளம்பெண், பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

“என்ரை மச்சாள் என்ரை புருவத்தைப் பாத்துத்தான் என்னைக் காப்பாத்தினவ.”

“புருவத்தையோ?”

“ஓம். முகம் ஊதி, குரல் தடிச்சு, எந்த நேரமும் நித்திரை. சோம்பேறி எண்டு மாமி என்னை யாழ்ப்பாணத்துக்கே திருப்பி அனுப்ப வெளிக்கிட்டா. மெடிக்கல் கொலிஜிலை படிக்கிற மச்சாள்தான் புருவத்தின்ரை வெளிக்கரையிலை மயிர் கொட்டியிருக்கிறதைக் கண்டவ. ‘அம்மா, இது சோம்பல் இல்லை, கழுத்துச் சுரப்பியிலை வருத்தம்’ எண்டு சொல்லி, என்னைக் கையோடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. குளிசை போட்டுச் சுகமாகிட்டுது.”

“மாமி இப்ப என்ன சொல்லுறா?”

“மகள் டொக்டராகப் போறா எண்டு தெரு முழுக்கச் சொல்லுறா.” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் விடுவனே? அவவின்ரை முதல் நோயாளி நான்தான் எண்டு நானும் சொல்லுவன்.”