பைலட் சட்டைக்கு ரெண்டு இஞ்ச்

"பைலட் சட்டைக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்ச் துணி கூடுதலா உள்ள விட்டுத்தான் தைப்பேன் அண்ணாச்சி."

மும்பை லோக்கல் ரயிலில், செம்பூரில் ஏறி என் எதிரே உட்கார்ந்த தையல்காரர் இப்படிச் சொன்னதும், நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவர் தாராவியில் தோல் பை செய்கிறவர். மகளுக்குப் பைலட் லைசென்ஸ் வந்துவிட்டதாம். யூனிபார்முக்கு வாங்கிய வெள்ளைத் துணி அவர் மடியில் இருந்தது.

"எதுக்கு பாய் கூடுதலா?"

"லைசென்ஸ் வாங்குன சந்தோஷத்துல உடனே தைச்சுக்கிடுதாவ. இப்பம் லைசென்ஸ் வாங்குதவங்க ஜாஸ்தி, லைனும் பெருசு. கம்பெனி கூப்பிடுததுக்குள்ள வீட்டுச் சாப்பாட்டுல ஒரு சுத்து பெருத்திருதாவ. அப்புறம் அதே சட்டையத் தூக்கிட்டு எங்கிட்டதான் வாராவ."

"எம் மவ ஒல்லி பாய்."

"எல்லா பிள்ளையும் ஒல்லியாத்தான் அளவு குடுக்க வருது."

தகப்பன் கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "வேலை கெடைச்சிரும்லா?"

"கெடைக்காம? வேலை கெடைச்சாத்தானே தையலப் பிரிச்சு விட எங்கிட்ட வருவாவ. வந்துக்கிட்டுத்தான் இருக்காவ."

அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. திலக் நகரில் ஏறிய கூட்டத்துக்கு முழங்காலை ஒடுக்கி இடம் விட்டார்.

"அப்போ உங்க பிள்ளைக்கும் ரெண்டு இஞ்ச் விட்டிருதேன்."

அவர் மடியில் இருந்த துணியைத் தடவிக்கொண்டே யோசித்தார். குர்லாவில் இறங்க எழுந்தபோதுதான் பதில் வந்தது.

"ஒண்ணு போதும் பாய்."