நம்பர் போட்ட குழாய்கள்

— உருக்கப் போற இரும்புக்கு எதுக்கு நம்பர், பாப்பா? நீயே சொல்லு.

— எந்த இரும்பு அண்ணே? முதல்ல உட்காரு.

— வேணாம். உன் ஆபீஸ் நாற்காலியில கரி ஒட்டிக்கும். எங்க பாய்லரைத்தான் சொல்றேன். இருபத்திரெண்டு வருஷம் நான் கட்டி மேய்ச்ச பாய்லர். குழாய் குழாயா கழட்டி, பெயின்ட்ல நம்பர் எழுதி, மரப்பெட்டியில அடுக்கச் சொல்றான், ஏலம் எடுத்தவன். பச்சப்பிள்ளையப் படுக்க வைக்கிற மாதிரி, வைக்கோல் போட்டு.

— அதாவது... பட்டியல் எடுக்கிறாங்களா இருக்கும்.

— பட்டியலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. கப்பல் ஏறுது. வேற நாட்டுல கொண்டுபோய் நிறுத்தப் போறாங்க. அதே நிலக்கரி, அதே புகை.

— யார் சொன்னது?

— என்னையே கூப்பிடுறாங்க. ரெண்டு வருஷம் அங்க இருந்து திரும்பப் பூட்டிக் குடுக்கணுமாம். இந்தா, லெட்டர்.

— இந்த இருமலை வச்சுக்கிட்டா?

— கேளு. ஒப்பந்தப்படி நம்ம கரன்ட் பிளான்டை மூடின அன்னிக்கு, நாலு நாட்டுக்காரங்க மேடையில கைகோத்து நின்னாங்க. பின்னாடி நீ ஒப்பந்த ஃபைலோட நின்னே. வேலை போன எண்ணூறு பேரும் கேட்டுக்கு வெளிய நின்னோம். கல்லெடுத்தவன் கையை நான்தான் புடிச்சேன். என் தங்கச்சி எழுதின ஒப்பந்தம்டா, உலகத்துல புகை குறையும், நம்ம பிள்ளைங்க நல்ல காத்துல மூச்சு விடும்னு சொன்னேன்.

— தெரியும் அண்ணே.

— அதனாலதான் இதுல கையெழுத்துப் போடல. எல்லாப் பெட்டியையும் போன்ல படம் புடிச்சிருக்கேன். நாளைக்கு உங்க கூட்டத்துல எடுத்துக் காட்டு. நம்மளை ஏமாத்திட்டாங்கன்னு சொல்லு. படம் குடுத்தது நான்தான்னும் சொல்லிக்க. கழட்டுற வேலையும் போனா போகட்டும்.

— காட்டிப் பிரயோஜனம் இல்ல.

— ஏன், பயமா இருக்கா?

— அதாவது... யாரும் ஏமாத்தல அண்ணே. எல்லாருக்கும் தெரியும். மூடுற ஆலையோட இயந்திரத்தை உடைச்சே ஆகணும்னு ஒப்பந்தத்துல முதல்ல ஒரு வரி இருந்துச்சு. அது இருந்தா கையெழுத்துப் போட மாட்டோம்னு ரெண்டு நாட்டுக்காரங்க எழுந்து போயிட்டாங்க. மூணு நாள் இழுபறி.

— அப்புறம்?

— அந்த வரியை எடுத்தோம். பத்தே நிமிஷத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க.

— எந்தப் புண்ணியவான் குடுத்த யோசனை அது?

— நான்தான் அண்ணே.