மஞ்சள் அடையாளம் போட்ட கதவு

“குண்டு இருக்கிற ரூமுக்கு நான் வரமாட்டேங்க,” என்றாள் பன்விலவிலிருந்து கண்டி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண், கணவனிடம். நாலாம் வகுப்போடு நின்று மூன்று கடை போட்ட எனக்கே ஒன்றும் விளங்கவில்லை.

“ஆஸ்பத்திரியில ஏது புள்ள குண்டு? புத்துநோய்க்குக் கதிர் வைக்கத்தானே கண்டிக்குப் போறோம்.”

“நம்ம மக ஸ்கூல் கண்காட்சிக்கு அணுகுண்டு வரைஞ்சாளே, அதுல போட்ட மூணு எதழ் மஞ்ச அடையாளம் அந்த ரூம் கதவுலயும் இருக்கு.”

“ரெண்டுலயும் ஒரே வகைக் கதிர்தானாம். அது ஊரையே கொன்னுச்சு. இது நோயை மட்டும் கொல்லுமாம். டாக்டர் சொன்னாரு.”

“எது நோய், எது நானுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கண்டியில் அவள்தான் முதலில் எழுந்தாள்.

“மககிட்ட சொல்லுங்க, அந்தக் கதவையும் வரையட்டும். நான் வெளிய வர்ற மாதிரி.”