சணல் கயிறு தின்ற கடைசி அத்தியாயம்

தலைமை தாங்குவதோடு, நான் எல்லை தாண்டினால் தட்டுவதற்கென்று மணியையும் கைக்கருகே வைத்திருக்கும் தலைவர் அவர்களே! எழுத்தோடு வாழ்ந்து முதிர்ந்த பெரியோர்களே! பாதிக் கதையில் அடையாளம் வைத்துவிட்டு, பாதிச் சமையலில் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்றாலும் கைதட்டுவதில் முந்திக்கொள்ளும் நண்பர்களே! இந்தப் பழைய பேப்பர் வியாபாரியின் பணிவான வணக்கம்.

“இப்போது என்ன படிக்கிறீர்கள்?” இதுதான் வாசகர் வட்டம் எனக்குத் தந்த தலைப்பு. இந்த வாரம் நான்கு நாவல்கள் வாங்கினேன். ஒன்று கப்பல் கட்டும் குடும்பத்தின் கதை. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். ஒன்று மருத்துவமனைச் சலவைக்காரியின் கதை. இன்னொன்றில் கொலை. கொலைகாரனை நான் முதல் அத்தியாயத்திலேயே பிடித்துவிட்டேன். கைதட்டாதீர்கள் ஐயா, நான் பிடித்தது தவறான ஆள்!

நான்காவது இதோ, என் கையில். கடைசிப் பக்கங்களை மட்டும் சணலால் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறதே, தெரிகிறதா? போட்டவர் அதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் மனைவி.

ஏன் போட்டாள்?

எங்கள் முதல் கடை ஓர் ஒற்றை அறை. முன்பாதியில் தராசு, பின்பாதியில் குடித்தனம். பழைய தாள்களைக் கட்டும்போது இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் வண்டியில் சரியும். இறுக்கினாலோ, கயிறு மேல்தாளையும் அறுக்கும், அடித்தாளையும் அறுக்கும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை யாரோ ஆசை ஆசையாய்ச் சேர்த்து, அடுக்கி, ஊசியால் தைத்து வைத்திருப்பார்கள். எங்களிடம் வரும்போது அதற்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. எழுதியவர் பெயர் தெரியாது. கதையின் பெயர் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? படித்தோம்! தாளின் வாசம் மூக்கில் ஏற, தோளோடு தோள் உரச, ஒரே பக்கத்தை இருவரும் படித்தோம்!

அப்படி வந்ததுதான் இந்தக் கதை. சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன அண்ணன். ரயில் வரும்போதெல்லாம் வாசல் விளக்கைப் போடும் தங்கை. ஒரு மழை நாளில் ரயில் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. அவ்வளவுதான்! மிச்சத்தைக் கயிறு தின்றுவிட்டது.

“அண்ணன் இறங்கிட்டான்” என்றாள் இவள்.

“இறங்கலடி. இவ்ளோ காக்க வெச்சு எழுதினவன் அவ்ளோ சுலபமா இறக்கி விட்ருவானா?”

“உங்களுக்கு எடை போடத்தான் தெரியும். போங்க!”

கடை பெரிதானது, வீடு மாறினோம், பிள்ளைகள் வளர்ந்தார்கள். இந்த வழக்கு மட்டும் தீரவில்லை. என் மனைவிக்கும் ஓர் அண்ணன் இருந்தார். அப்பாவோடு முறைத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் போனவர். திரும்பவில்லை. இன்றுவரை திரும்பவில்லை.

இந்த வாரம் புத்தகக் கடையில் ஒரு மறுபதிப்பைப் புரட்டினேன். வாசல் விளக்கு! தங்கை! ரயில்! கடைக்காரர் பயந்துபோய் நாற்காலி போட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இவள் வாங்கிப் பார்த்தாள். பழைய பழக்கத்தில் சணலை எடுத்தாள், கட்டினாள். “கூட்டத்துல அவிழ்த்துக்கலாம். நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போது வேணாம்” என்றாள்.

அவையோரே, புத்தகம் என்பது என்ன? காகிதமா? காகிதத்தைத்தான் வாழ்நாள் முழுதும் எடை போட்டேனே! போனவர் வந்துவிடக்கூடிய இன்னொரு வாசல் அல்லவா அது! நம் வீட்டுக் கதவைத் தட்டாதவர், அந்தக் கதவையாவது தட்டமாட்டாரா என்றுதானே பக்கம் புரட்டுகிறோம்!

என்னம்மா, என்ன சொல்ற? கேட்கவில்லை, அமைதியாக இருங்கள்…

“எங்கண்ணன் வரலன்னு எனக்குத் தெரியாதா? இவனாச்சும் வந்தானான்னு பாக்கறேன். இங்க குடுங்க.”

கேட்டீர்களா? தம்பி, இதை அம்மாவிடம் கொடுப்பா.

அவிழ்த்துவிட்டாள். படிக்கிறாள். தலைவர் அவர்களே, மணியை இப்போது தட்டாதீர்கள்.

மூடிவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள்.

“வந்துட்டான்!”

கைதட்டுங்கள்! நான் தோற்றேன்!

புத்தகத்தை மடியில் வைத்து, அதன்மேல் கைப்பையையும் வைத்துக்கொண்டாள். எனக்குத் தர மாட்டாள் போலிருக்கிறது. நானும் கேட்கப் போவதில்லை. வந்த சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்வது, என் வியாபாரத்தில் இதுவே முதல் தடவை.

தோற்றவன் பேச்சை நீட்டக்கூடாது. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. மணியடிக்காத தலைவருக்குத் தனி நன்றி. அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. விடைபெறுகிறேன், வணக்கம்!